பொழுதுபோக்கு முக்குளிப்போரின் பதிவுகள் கடலாய்வுக்குப் பயன்படுமா?

கேள்வி:

வணக்கம். எங்கள் ஸ்கூபா குழுவினர் ஏறக்குறைய 30 பேர், பெரும்பாலும் ஒரே பவளத்திட்டில்தான் முக்குளித்து வருகிறோம். ஆளுக்கு ஆயிரம் படங்களாவது இருக்கும். அவற்றை ஓர் ஆய்வாளரிடம் காட்டியபோது, "படங்கள் அருமை, ஆனால் இவற்றை வைத்து எதையும் கணக்கிட முடியாது" என்று சொல்லிவிட்டார். உயிரியல் படிக்காத நாங்கள் கடல் பல்லுயிர்க் கண்காணிப்புக்கு உருப்படியாக எதையாவது தர முடியுமா?

மறுமொழி 1:

முடியும். அவர் குறையாகச் சொன்னது படங்களை அன்று, அவற்றோடு சேர்ந்து வராத விவரங்களைத்தான். ஆமையைக் கண்டால் 20 படம் எடுக்கும் நாம், எதிரே மேய்ந்துகொண்டிருக்கும் கிளிமீன்களை ஒரு படம்கூட எடுப்பதில்லை. ஆகவே படங்களை மட்டும் பார்ப்பவருக்கு அத்திட்டில் ஆமைதான் அதிகம் என்று தோன்றும். எத்தனை நிமிடம் நீந்தினீர்கள், எவ்வளவு ஆழத்தில், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தது, எந்த இனம் தேடியும் கிடைக்கவில்லை என்பவற்றை எழுதி வைத்தால்தான் ஓராண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட இயலும்.

தொடக்கத்துக்கு எளிய வழி, அமெரிக்காவில் 'ரீஃப்' அமைப்பு 1993 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திவரும் மீன் கணக்கெடுப்பு முறை. விருப்பம்போல் நீந்தலாம், ஐயமின்றி அடையாளம் காண முடிந்த எல்லா இனங்களையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று, 2 முதல் 10, 11 முதல் 100, 100க்கு மேல் என்ற நான்கு படிகளில் ஒன்றைத் தர வேண்டும். துல்லியமாக எண்ணத் தேவையில்லை.

மறுமொழி 2:

நான் 'ரீஃப் செக்' என்ற வேறோர் அமைப்பின் முறையில் தன்னார்வலராகப் பணிபுரிந்திருக்கிறேன். 100 மீட்டர் அளவுநாடாவை விரித்து, அதில் இடைவெளி விட்டு நான்கு 20 மீட்டர் பகுதிகளில் குறிப்பிட்ட சில உயிரினங்களை மட்டும் எண்ணுவார்கள். களவா மீன் என்றால் 30 செ.மீ.க்கு மேற்பட்டவை மட்டுமே கணக்கில் சேரும். நீருக்கடியில் பொருள்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பது ஏட்டில் படித்ததுதான். ஆனாலும் முதல் நாள் 24 செ.மீ. மீனையெல்லாம் தாராளமாகச் சேர்த்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்த ஒரே களவாவை மூன்று முறை எண்ணினேன்; இணையாக வந்தவரின் எழுதுபலகையில் அது ஒன்றாகவே இருந்தது. பின்னர், அளவு தெரிந்த பிளாஸ்டிக் மீன்களைக் குச்சியில் பிடித்துக் காட்டிப் பல முறை பயிற்சி தந்த பிறகே என் எண்கள் தேறின.

எழுதும்போது கவனம் சிதறிக் காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் இடிப்பதும் உண்டு. அசையாமல் மிதக்கத் தெரியாதவர் கையில் எழுதுபலகையைக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்ப்பேன்.

மறுமொழி 3:

நாடா எல்லாருக்கும் ஒத்துவராது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய 'கோரல்வாட்ச்' தரும் வண்ண அட்டையைப் பவளத்தின் அருகில் பிடித்து, அதன் மிக வெளிறிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுத்தால் போதும். வெளிறல் தொடங்குவதை அதுவே காட்டும்.

பழைய படங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். திமிங்கலச் சுறாவின் செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு சுறாவுக்கும் தனித்தன்மை கொண்டது. விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் வகுத்த கணக்குமுறையைக் கொண்டே அவற்றைப் பொருத்திப் பார்க்கிறார்கள். இதற்குச் சுற்றுலாப் பயணி எடுத்த படமும் உதவும், நாளும் இடமும் சரியாக இருந்தால். கடற்குதிரை போன்றவற்றின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவெளியில் போட வேண்டாம். பிடிப்பவர்களும் அதைப் படிப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நான்கு படி முறையோடு தொடங்குகிறோம். நாள் சரியாக இருக்க வேண்டும் என்றதும் என் கேமராவை எடுத்துப் பார்த்தேன். அதன் கடிகாரம் இரண்டு ஆண்டுகள் பின்தங்கி ஓடுகிறது. நல்லவேளையாக முக்குளிப்புக் குறிப்பேட்டில் நாளையும் நேரத்தையும் கையால் எழுதியிருக்கிறேன். இப்போது அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.