ஒரே வாக்குச்சீட்டில் டிரம்புக்கு வெற்றி, ராபின்சனுக்குத் தோல்வி: சர்ச்சை வேட்பாளர் சொந்தக் கட்சியைக் கெடுப்பாரா?

ராலே ரங்கா

நான் இருப்பது அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில், ராலேக்குப் பக்கத்து ஊரான மாரிஸ்வில். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு வாய்த்த முதல் அதிபர் தேர்தல் 2024. அக்டோபர் கடைசியில், முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் ஒரு மாலை வரிசையில் நின்றேன். பரீட்சைத் தாள் மாதிரி நீளமான சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் பெயர்கள். பேனாவால் முட்டை வடிவ வளையத்தை நிரப்ப வேண்டும். ஒரே குறியில் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் எல்லோருக்கும் போட்டுவிடும் வசதி இங்கே முன்பு இருந்தது. 2013ல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு பெயராகப் பார்த்துத்தான் நிரப்பியாக வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆயுள் முழுக்கக் குடியரசுக் கட்சிக்காரர். புல்வெளியில் டிரம்ப் பலகை வைத்திருந்தவர். "அதிபருக்குப் போட்டேன், ஆளுநர் இடத்தைக் காலியாக விட்டேன்" என்றார். (இங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருப்பவர் இல்லை. நம் ஊர் முதல்வர் மாதிரி, ஆனால் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர்.)

முடிவு வந்தபோது டிரம்ப் இந்த மாநிலத்தை 3 சதவீதப் புள்ளிக்குச் சற்று மேலான வித்தியாசத்தில் வென்றிருந்தார். அதே சீட்டில், அதே கட்சியின் ஆளுநர் வேட்பாளர் மார்க் ராபின்சன், ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனிடம் ஏறக்குறைய 15 புள்ளியில் தோற்றார். டிரம்புக்கு விழுந்ததைவிட ஆறரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு குறைவு. ஊரை இரண்டாக்கும் வேட்பாளர் தன் கட்சிக்கே குழி பறிப்பார் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தராசுமுள்

ரங்கா அண்ணா, கதை நன்றாக இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது. உங்கள் மாநிலம் எப்போதுமே இப்படித்தான். 1980 முதல் 2008ஐத் தவிர எல்லா அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சி. ஆளுநர் பதவிக்கோ 1992 முதல் 2012ஐத் தவிர எல்லாத் தடவையும் ஜனநாயகக் கட்சி. 2016லும் 2020லும் டிரம்ப் ஜெயித்த அதே நாளில் ராய் கூப்பர் ஆளுநரானார். பிரித்துப் போடுவது அங்கே பழக்கம். பழக்கத்தின் பழியை ராபின்சன் தலையில் கட்டாதீர்கள்.

ராலே ரங்கா

பழக்கம்தான், ஆனால் அளவைப் பாருங்கள். இரண்டு போட்டிகளுக்கும் நடுவே 2016ல் இருந்த இடைவெளி சுமார் 4 புள்ளி. 2020ல் 6. 2024ல் 18. வழக்கமாக வருகிற தலைவலி இந்தத் தடவை மயக்கம் போட வைத்திருக்கிறது.

2016க்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. அப்போதைய ஆளுநர், குடியரசுக் கட்சியின் பாட் மெக்ரோரி, கழிப்பறைச் சட்டம் என்று பெயர் வாங்கிய ஒன்றில் கையெழுத்துப் போட்டார். திருநங்கையரும் திருநம்பியரும் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்திய சட்டம். இங்குள்ள ஷார்லட்டில் நடக்கவிருந்த என்பிஏ கூடைப்பந்து நட்சத்திர ஆட்டமே நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டது. டிரம்ப் வென்ற அன்றே மெக்ரோரி பத்தாயிரம் சொச்சம் ஓட்டில் தோற்றார்.

மோர்மிளகாய்

பத்தாயிரம் ஓட்டு என்பது எங்கள் தெருக் கோயில் கமிட்டித் தேர்தலிலேயே காணாமல் போகும் 😄

வாத்தியார் 62

எல்லோரும் ராபின்சனையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சீட்டின் உச்சியில் இருந்த பெயரை மறந்துவிட்டீர்களே? நம் காலத்தில் டிரம்பைவிட ஊரை இரண்டாக்கிய வேட்பாளர் யார்? 2016ல் அவரையும் பிடிக்கவில்லை, ஹிலரியையும் பிடிக்கவில்லை என்றவர்கள் 18 சதவீதம் என்று வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பு சொன்னது. அந்தக் கூட்டமே 47க்கு 30 என்ற கணக்கில் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. 2024ல் 538 தேர்வாளர் ஓட்டில் (மாநிலங்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்களின் ஓட்டு) அவருக்கு 312. கட்சியைக் கெடுத்தாரா, காப்பாற்றினாரா? சண்டைக்காரனுக்காகத்தான் தொண்டன் வெயிலில் நிற்பான். சப்பென்று ஒரு நல்ல மனிதரை நிறுத்தினால் அவருக்காக யார் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள்?

செங்காந்தள்

வாத்தியார் ஐயா சொல்வதில் பாதி சரி. தொண்டன் கிளம்புவான். எதிர்க்கட்சித் தொண்டனும் சேர்ந்து கிளம்புவான் என்பதுதான் சிக்கல்.

ஆண்ட்ரூ ஹால் என்ற அரசியல் ஆய்வாளர் இதை நேர்த்தியாகப் பார்த்தார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய நடந்த உட்கட்சித் தேர்தல்களில், தீவிரமானவர் மயிரிழையில் வென்ற தொகுதிகளை ஒரு பக்கம் வைத்தார். மிதமானவர் மயிரிழையில் வென்ற தொகுதிகளை இன்னொரு பக்கம் வைத்தார். மயிரிழை வித்தியாசம் என்றால் யார் வென்றார் என்பது கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல்தான். அதனால் மற்றபடி இரண்டு வகைத் தொகுதிகளும் ஒரே மாதிரி. தீவிரமானவரை நிறுத்திய கட்சிக்குப் பொதுத்தேர்தலில் 9 முதல் 13 புள்ளி வரை ஓட்டு சரிந்தது. 2015ல் வந்த ஆய்வு. பிறகு டேனியல் தாம்ப்சனுடன் சேர்ந்து காரணத்தையும் தேடினார். எதிரணியின் ஆதரவாளர்கள் உசுப்பப்பட்டுக் கூடுதலாக வாக்குச்சாவடிக்கு வந்தார்கள் என்று கண்டார்.

மதில்மேல் பூனைகள் எந்தப் பக்கம் குதிக்கும் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனைத் தட்டி எழுப்புவதும் வேட்பாளர்தான்.

தராசுமுள்

காந்தள் அக்கா, அந்த ஆய்வு தொகுதி அளவில், அதுவும் 1980 முதல் 2010 வரை. அதற்கு அப்புறம் வாக்காளர்கள் கட்சிக்குள்ளேயே இறுகிவிட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. ராபின்சன் விஷயத்தில் தீவிரம் வேறு, அவலம் வேறு. அவர் ஒரு ஆபாசத் தளத்தில் பல வருடங்களுக்கு முன் எழுதியதாகச் சில பதிவுகளை சிஎன்என் 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அவர் மறுத்தார். ஆனால் பிரசாரக் குழுவில் பெரும்பாலானோர் விலகினார்கள். அது கொள்கைக்காக விழுந்த அடி இல்லை. மிதவாதி ஒருவர் இதில் மாட்டியிருந்தாலும் தோற்றிருப்பார்.

ராலே ரங்கா

தராசு, அந்தச் செய்திக்கு முன்பே அவர் கருத்துக்கணிப்புகளில் பின்தங்கித்தான் இருந்தார். நான் இங்கேயே இருந்து பார்த்தவன். அந்தக் கோடையில் டிவியைப் போட்டாலே ஸ்டைனின் விளம்பரம். விளம்பரம் என்று சொல்லக்கூட முடியாது, ராபின்சன் 2019ல் தானே பேசிய காணொளி. பெண்கள் பொறுப்பில்லாமல் நடப்பதால்தான் கருக்கலைப்பு என்கிற பொருளில் பேசியிருந்தார். எதிராளிக்கு வசனம் எழுதவே ஆள் தேவைப்படவில்லை. என் மனைவிக்கு அரசியல் என்றாலே கொட்டாவி. அவளே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஆள் யாரு?" என்று கேட்டாள். காந்தள் சொல்லும் தட்டி எழுப்புதல் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது.

மார்ச் மாதம் கிரீன்ஸ்பரோ கூட்டத்தில் ராபின்சனை மார்ட்டின் லூதர் கிங்குக்கும் மேலே தூக்கி வைத்துப் பேசியவர் டிரம்ப். அந்த சிஎன்என் செய்தி வந்த இரண்டாம் நாள் வில்மிங்டனில் கூட்டம். மேடையில் ராபின்சனும் இல்லை, டிரம்ப் வாயில் அவர் பெயரும் இல்லை. கெடுதல் இல்லை என்றால் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

பழைய பேப்பர்

கொஞ்சம் பின்னால் போகலாமா? 1964, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர். அவ்வருடத்துச் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக செனட்டில் ஓட்டுப் போட்டுவிட்டு, சுதந்திரத்தைக் காக்கத் தீவிரம் காட்டுவது குற்றமில்லை என்று சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் முழங்கியவர். அதே மாநாட்டில் மிதவாதி ராக்கஃபெல்லரைப் பேசவிடாமல் கூச்சல் போட்டார்கள். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனுக்கு 486 தேர்வாளர் ஓட்டு, இவருக்கு 52. சொந்த மாநிலமான அரிசோனாவும் ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களும்தான் மிச்சம்.

அவர் தோற்றதோடு முடியவில்லை. பிரதிநிதிகள் சபையில் கட்சி 36 இடம் இழந்து 140க்கு இறங்கியது. ஜனநாயகக் கட்சிக்கு 295. அந்தப் பெரும்பான்மையோடுதான் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் வாக்குரிமைச் சட்டமும் 1965ல் நிறைவேறின. கோல்ட்வாட்டர் எந்த அரசாங்கத்தைச் சிறிதாக்க வேண்டும் என்றாரோ, அதைப் பெரிதாக்க வழி விட்டது அவருடைய வேட்புமனுதான். தன் கட்சிக்கு இதைவிடக் கெடுதலை எதிராளிகூடச் செய்திருக்க முடியாது.

வாத்தியார் 62

பேப்பர் தம்பி, மடித்து வைத்த பக்கத்தையும் படியுங்கள். அந்தத் தேர்தல் நேரத்தில்தான் ரொனால்ட் ரேகன் என்ற நடிகர் கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசி அரசியல்வாதியானார். 1966ல் கட்சி சபையில் 47 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. 1968ல் வெள்ளை மாளிகை. 1980ல் ரேகனே அதிபர். கோல்ட்வாட்டர் தோற்ற வேட்பாளர்தான், அவர் போட்ட விதை தோற்கவில்லை. தெற்கு முழுக்க ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறியதன் தொடக்கமும் அவர்தான். கட்சிக்கு நல்லதா கெட்டதா என்பதை எந்த வருடத்தில் நின்று கேட்கிறீர்கள்?

பழைய பேப்பர்

1966ல் கிடைத்தது கோல்ட்வாட்டர் போட்ட விதை என்றால், வியட்நாமுக்கும் நகரக் கலவரங்களுக்கும் என்ன பெயர் வைப்பது? அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவே வரும் சபைத் தேர்தல் எதிர்க்கட்சிக்குப் பெரும்பாலும் கொஞ்சம் இனிக்கும். தெற்கைப் பற்றிச் சொன்னதை மட்டும் மறுக்க மாட்டேன்.

தராசுமுள்

நான் 1972ஐ வைக்கிறேன். ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன், அந்தக் காலத்துக்கு மிகத் தீவிரமான இடதுசாரி வேட்பாளர். 49 மாநிலங்களில் தோற்றார், மாசசூசெட்ஸ் மட்டும் கைக்கு வந்தது. ஆனால் கட்சி பிரதிநிதிகள் சபையை இழக்கவில்லை. செனட்டில் இரண்டு இடம் கூடக் கிடைத்தது! தலை வெட்டுப்பட்டும் உடம்பு நடந்துபோனது. வாக்காளர் ஆளைத்தான் தண்டித்தார், கட்சியை இல்லை.

2024லும் அதே கதைதான். உங்கள் மாநிலத்தில் மாநில அளவிலான பத்து நிர்வாகப் பதவிகளில் கடைசியில் 5க்கு 5. ராபின்சன் எல்லோரையும் கீழே இழுத்தார் என்றால், தணிக்கையாளர் பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரரைக் குடியரசுக் கட்சியின் டேவ் போலிக் எப்படித் தோற்கடித்தார்?

செங்காந்தள்

அந்த 5க்கு 5ஐப் பிரித்துப் பாருங்களேன். துணை ஆளுநர் பதவி 2012 முதல் குடியரசுக் கட்சியிடம் இருந்தது. ராபின்சனே அதில்தான் இருந்தார். அது போனது. அரசுப் பள்ளிகளின் தலைமைப் பதவியும் போனது. அதற்கு நின்றவர் மிஷெல் மாரோ. பதவியில் இருந்த சொந்தக் கட்சிக்காரரை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தி வந்தவர். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்தவர், அரசுப் பள்ளிகளை மூளைச்சலவை மையங்கள் என்று சாடியவர். பள்ளி வேண்டாம் என்பவரையே பள்ளிக்குத் தலைவராக்கப் பார்த்தார்கள்! போலிக் வென்றதும் மாரோ தோற்றதும் ஒரே சீட்டில்தான். ஆளுக்கு ஏற்ற அடி என்று நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். ஆனால் அந்த ஆட்களை நிறுத்தியது கட்சி.

அப்புறம் மாநிலச் சபை. ஆளுநரின் ரத்து அதிகாரத்தைத் தாண்ட 120ல் 72 வேண்டும். குடியரசுக் கட்சிக்கு 71தான் கிடைத்தது.

தராசுமுள்

ஒரு இடத்துக்கு நூறு காரணம் சொல்லலாம் அக்கா.

செங்காந்தள்

சொல்லலாம். அதில் ஒன்று சீட்டின் முதல் பக்கத்தில் இருந்தது.

மோர்மிளகாய்

ஜார்ஜியாவை யாருமே தொடவில்லையே? 2022 நவம்பரில் ஒரே நாள், ஒரே கட்சி. ஆளுநர் பிரையன் கெம்ப் ஏழரைப் புள்ளியில் சுகமாக ஜெயித்தார். செனட்டுக்கு நின்ற அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கருக்குக் கெம்பைவிட இரண்டு லட்சம் ஓட்டு குறைவு. டிசம்பரில் மறுசுற்றில் தோல்வி, செனட் இடமும் கைக்கு வரவில்லை. வாத்தியார் ஐயாவின் வெயிலில் நிற்கும் தொண்டன் அன்று எங்கே போனான்?

வாத்தியார் 62

அங்கேதான் நின்றிருப்பான். டிரம்ப் பெயர் சீட்டில் இல்லாத வருடம் அது. டிரம்பின் ஆட்கள் தோற்பார்கள், டிரம்ப் தோற்க மாட்டார். நகல் வேறு, அசல் வேறு. நகலை நிறுத்தியது தப்பு என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன், அசலைப் பற்றி ஒரு வரியும் தரமாட்டேன்.

பழைய பேப்பர்

அசல் 2020ல் தோற்றதே ஐயா!

வாத்தியார் 62

பெருந்தொற்று வருடத்தைக் கணக்கில் சேர்த்தால் நான் வியட்நாமைச் சேர்ப்பேன்.

தராசுமுள்

ரங்கா அண்ணா, ஒரு சந்தேகம். உங்கள் மாநிலத்தில் அதிபருக்கு விழுந்த மொத்த ஓட்டைவிட ஆளுநருக்கு விழுந்தது ஒரு லட்சத்துக்கும் மேல் குறைவு. உதிரிக் கட்சிகளுக்கும் 5 சதவீதம் போயிருக்கிறது. ஆக நிறையப் பேர் ஸ்டைனுக்குத் தாவவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உங்கள் பெரியவர் மீதிச் சீட்டை எப்படி நிரப்பினார்? அவர் எல்லாவற்றையும் காலியாக விட்டிருந்தால் கட்சிக்குக் கெடுதல். ஆளுநரை மட்டும் விட்டிருந்தால் நான் சொன்னதுதான்.

ராலே ரங்கா

நேற்று குப்பைத்தொட்டியை ரோட்டோரம் தள்ளும்போது கேட்டேன். வரிசையாகத் தன் கட்சிக்கே போட்டதாகச் சொன்னார். துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், தணிக்கையாளர், நீதிபதிகள் எல்லாம். இதுவரைக்கும் தராசுக்கு வெற்றி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொரு வளையமும் காலியாம். பள்ளிக் கல்வித் தலைவர். அவர் மனைவி முப்பது வருடம் அரசுப் பள்ளியில் டீச்சர்.