மீன் தின்னும் பறவைகள் எல்லாம் ஒரே ஏரியில் எப்படி?

கயல்_பிளஸ்டூ:
வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. 'வாழிடம் என்பது முகவரி, செயல்வாழிடம் என்பது தொழில்' என்று தேர்வில் எழுதிவிடுவேன். உயிரியலாளர் காஸ் (Gause) சொன்ன விதிதான் இடிக்கிறது. ஒரே செயல்வாழிடம் உள்ள இரண்டு இனங்கள் நெடுங்காலம் சேர்ந்து வாழ முடியாது, ஒன்று மற்றதை வெளியேற்றிவிடும் என்கிறார்கள். ஆனால் வேடந்தாங்கலில் ஒரே கடப்ப மரத்தில் கூழைக்கடா, நாரை, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டியிருந்ததைப் பார்த்தேன். எல்லாமே மீன் தின்னிகள். அப்படியானால் இது விதிவிலக்கா?

மதுராந்தகம்_வாத்தியார்:
விதிவிலக்கு இல்லை கயல். 'மீன் தின்னி' என்ற இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். எதைத் தின்கிறது, எவ்வளவு ஆழத்தில், எந்த நேரத்தில், எப்படிப் பிடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் மாணவர்களை அங்கே கூட்டிப்போனால் பறவைகளை எண்ணச் சொல்வதில்லை. ஆளுக்கொரு பறவையைக் கொடுத்து, அலகை மட்டும் பார் என்பேன். பாம்புத்தாராவை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்க நீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. கூரிய அலகால் மீனைக் குத்தி, மேலே வந்து தூக்கிப்போட்டு, தலைப்பக்கமாக விழுங்கும். நீர்க்காகமும் முங்குகிறது, ஆனால் குத்துவதில்லை. அதன் அலகு நுனி வளைந்தது, விரட்டிப்போய்க் கவ்வும். கூழைக்கடா நீர்மட்டத்தில் மிதந்தபடி பையால் அள்ளுகிறது. சாம்பல் நாரை ஆழமில்லாத இடத்தில் அசையாமல் நிற்கும். கரண்டிவாயன் அலகை லேசாகத் திறந்து சேற்றுநீரில் இடமும் வலமுமாக வீசும். கண்ணால் தேடுவதைவிடத் தொடுஉணர்வைத்தான் நம்புகிறது. நத்தைக்குத்தி நாரைக்கு மீனைவிட நத்தைதான் முக்கியம். அலகின் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்திருப்பீர்களே.

இன்னொன்று, மாலையில் மற்ற பறவைகள் மரத்துக்குத் திரும்பும் நேரத்தில் வக்கா கிளம்பும். அது இரவில் இரை தேடுவது.

பெரும்பாலான பறவைகள் இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போகின்றன. வேடந்தாங்கல் அவற்றுக்கு முக்கியமாகக் கூடு கட்டும் இடம். ஆக, நீங்கள் பார்த்த அந்த மரம் சாப்பாட்டுப் போட்டி நடக்கும் இடமே இல்லை.

முதுகலை_விலங்கியல்:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காஸின் சோதனையில் பாதியை மட்டும்தான் பலரும் படிக்கிறார்கள். பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியில் ஆரேலியா, காடேட்டம் என்ற இரண்டு இனங்களைச் சேர்த்து வளர்த்தபோது காடேட்டம் அழிந்துபோனது. அதைத்தான் எல்லாரும் எழுதுகிறோம். ஆனால் காடேட்டத்தை பர்சேரியா என்ற இன்னொரு பாரமீசிய இனத்தோடு வளர்த்தபோது இரண்டும் பிழைத்தன. காடேட்டம் மேலே மிதக்கும் பாக்டீரியாவைத் தின்றது, பர்சேரியா அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது. ஒரே குழாய், ஆனால் இரண்டு செயல்வாழிடங்கள். இதே கதையை 1958-இல் சூழலியலாளர் மெக்ஆர்தர் அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளில் காட்டினார்: ஐந்து வார்ப்ளர் குருவி இனங்கள், ஒரே வகை மரம், ஆனால் இரை தேடும் பகுதி வெவ்வேறு.

கயல்_பிளஸ்டூ:
நன்றி சார், இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம். கரண்டிவாயனும் மஞ்சள் மூக்கு நாரையும் இரண்டுமே அலகால் துழாவித்தானே பிடிக்கின்றன? அங்கே போட்டி இருக்காதா?

மதுராந்தகம்_வாத்தியார்:
நல்ல கேள்வி. கொஞ்சம் மேற்பொருந்துதல் இருக்கத்தான் செய்யும். இரண்டு வட்டங்கள் ஓரத்தில் தொட்டுக்கொள்வதற்கும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்துவதற்கும் வித்தியாசம் உண்டு. அதோடு விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வளம் குறைவாக இருக்க வேண்டும். நல்ல மழை பெய்து ஏரிகள் நிரம்பிய வருடம் இரைக்குப் பஞ்சமில்லை, போட்டியும் பெரிதாக இருக்காது. மழை பொய்த்தால் கூடு கட்ட வரும் பறவைகளே குறைந்துபோகும்.

போட்டி உண்மையில் இடத்தைச் சுருக்குகிறது என்பதற்குச் சான்று வேண்டுமானால் ஸ்காட்லாந்து கடற்கரையில் சூழலியலாளர் கானல் (Connell) செய்ததை எழுதுங்கள், 1961. பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகள் இரண்டு இனம். கத்தாமலஸ் பாறையின் மேல்பகுதியில், பலானஸ் அதற்குக் கீழே. கானல் பலானஸை அகற்றிப் பார்த்தார். கத்தாமலஸ் கீழேயும் நன்றாக வளர்ந்தது. ஆக அதற்கு வாழத் தகுதியுள்ள இடம் பெரியது, பலானஸ் விட்டுவைத்தது சிறியது. முன்னது அடிப்படைச் செயல்வாழிடம், பின்னது நடைமுறையில் கிடைப்பது. பலானஸ் மேலே ஏற முடியாததற்குப் போட்டி காரணமில்லை. அலை இறங்கும்போது வெயிலில் காய்ந்துவிடும்.

டியூஷன்_பிரியா:
கயல், ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால் காஸின் இரண்டு சோதனைகளையும் எழுதிவிட்டு, பறவைகளில் பாம்புத்தாராவையும் நீர்க்காகத்தையும் அலகுப் படத்தோடு போடு. இரண்டும் முங்கி மீன் பிடிப்பவை என்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.