ஞாயிறு பெரட்டுக்கு வராத தாத்தா

லயத்துப் பேரன் (சுங்கை சிப்புட், மலேசியா):
ரப்பர் தோட்டத்தில் இலையுதிர்வு முடிந்து பால் கூடியிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்கு (காலை ஆளெடுப்புக்கு) வந்து மரம் வெட்டினால் இரட்டைச் சம்பளம். வேலையை மேற்பார்க்கும் கங்காணி சைக்கிளை எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் நிறுத்தி, "ஒரு நாள்தானே பெரியவரே, உங்கள் சாமி கோபித்துக்கொள்ளாது" என்றார். கத்தி தீட்டிக்கொண்டிருந்த தாத்தா தலையைத் தூக்கவில்லை. "கோபத்துக்குப் பயந்து இல்லை ஐயா. வாக்குக் கொடுத்திருக்கிறேன்." அந்த மாதக் கடைசியில் பாட்டி முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி கடன் கேட்கப் போனார். வாக்குக் கொடுத்தவர் ஒருவர், முறம் ஏந்தியவர் இன்னொருவர். அதுதான் இன்றும் உறுத்துகிறது. வேதம் சொல்லும் உடன்படிக்கை இதுதானா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

வேதப்பாட வாத்தியார்:
தம்பி, அது பொருத்தனை, மனிதன் தானாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. உடன்படிக்கை வேறு. ஆதியாகமம் 15இல் ஆபிராம் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் துண்டித்து எதிரெதிராக வைக்கிறார். துண்டங்களின் நடுவே கடந்துபோகிறவன், வாக்கு மீறினால் தனக்கும் அதே கதி என்று ஒப்புக்கொள்கிறான்; எரேமியா 34ஐப் பாருங்கள். ஆனால் ஆபிராமுக்கோ அயர்ந்த தூக்கம். நடுவே போனது கர்த்தருடைய அடையாளமான புகைகிற சூளையும் நெருப்பும்தான். அவருடைய விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது அந்த அதிகாரத்தில். விருத்தசேதனம் 17இல்தான் வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்.
என் அனுபவமா? ஞானஸ்நானம் எடுத்த வாரமே சீட்டுப் பணத்தில் பொய் சொன்னேன். கர்த்தர் என்னைக் கைவிடவில்லை. சீட்டுப் பிடித்த அக்காள்தான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

செம்பனை மகள்:
வாத்தியார் ஐயா, யாத்திராகமம் 24ஐ ஏன் தாண்டிவிட்டீர்கள்? அங்கே இஸ்ரவேல் ஜனங்களும் வாய்திறந்து கீழ்ப்படிவோம் என்கிறார்கள். மோசே இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேலும் பாதியை அவர்கள்மேலும் தெளிக்கிறார். பிறகு மலைமேல் அவர் நாற்பது நாள் தங்கியதற்கே பொறுமையில்லாமல் கீழே கும்பிடப் பொன் கன்றுக்குட்டி வார்த்துவிட்டார்கள். சொல்வது எளிது.
அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். ஒரு நாள் கணக்கில் ஒரு மூட்டை கூடுதலாக விழுந்துவிட்டது. திருத்தச் சொல்லி மழையில் நின்றார். திருத்தினால் கிராணியிடம் (தோட்டக் கணக்கரிடம்) ஏச்சு வாங்கப்போவது கங்காணி. அவர் முறைத்தார். அம்மா நகரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. விசுவாசமா, பிடிவாதமா என்று நான் அவரிடம் கேட்டதேயில்லை.

பழைய தொழிற்சங்கவாதி:
எனக்குப் பெரிய அனுபவம் ஒன்றும் இல்லை. ஒருமுறை ஞாயிறு ஆராதனைக்குப் போய்ச் சம்பளம் இழந்தேன், அவ்வளவுதான். பேரனுக்கு ஒன்று சொல்கிறேன். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. அது எந்த நாள் என்பதைத் தீர்மானிப்பது முதலாளி. ஆகவே தாத்தாவை முதலில் ஓய்வுநாள் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிவைக்கட்டும். ஆராதனை நேரத்தைச் சபைப் போதகரிடம் எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. கங்காணியிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். நேரே நிர்வாகத்துக்குக் கடிதம், நகல் ஒன்று கையில்.

லயத்துப் பேரன்:
ஐயா, தாத்தா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அந்தத் தோட்டமும் இப்போது வீடமைப்புப் பகுதி.
பாட்டி இருக்கிறார். அன்று எந்த வீட்டில் அரிசி வாங்கினீர்கள் என்று நேற்றுத்தான் கேட்டேன்.
"கங்காணி வீட்டில்" என்றார்.