கலைச்ச எழுத்துல சொல் கண்டுபிடிக்கிற போட்டி: வேலூர்ப் பக்கம் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பாலாற்றங்கரை:
ஒரு பள்ளியில நடந்தது, இன்னும் மனசு ஆறல. சொல் மட்டும் எழுதினா பத்தாது, பொருளும் சொல்லணும். பலகையில க, வ, லை, ம, த, கு. என் பொண்ணு ஆறாவது. தலை, மலை, வலைன்னு எல்லாரும் எழுதினதை எழுதிட்டு, அப்புறம் மதகு, கடைசியா கவலை. பொருள் கேட்டாங்க. "கிணத்துல மாடு கட்டித் தண்ணி எறைக்கறது"ன்னா. நடுவர் டீச்சர், "கவலைன்னா வருத்தம்மா"ன்னு சிவப்புல அடிச்சிட்டாங்க. "எங்க தாத்தா ஓட்டியிருக்காரு மிஸ்"னு சொல்லி, பின்னாலயே ரெண்டு அடி நடந்து காட்டினா. புள்ளைங்க எல்லாம் சிரிச்சதுங்க.

அவ காட்டினது அத்தனையும் சரி. அணைக்கட்டுப் பக்கம் எங்க கழனியில மோட்டார் வர்ற வரைக்கும் கவலைதான். ரெண்டு மாடு, வடக்கயிறு, தண்ணி மொள்ற சால். சரிவுல மாடு இறங்கினா சால் மேல வரும், மாடு பின்னால நடந்தாத்தான் மறுபடி கிணத்துக்குள்ள போகும்.

குடியாத்தம் மருமகள்:
அண்ணா, அதே ஆறு எழுத்துல கமலையும் இருக்கு, பாத்தீங்களா? எங்க மதுரைப் பக்கம் இதுக்குக் கமலைன்னுதான் பேரு. கல்யாணமாகி வந்த புதுசுல மாமா "நான் கவலை ஓட்டின ஆளும்மா"ன்னு சொன்னப்ப நான் முழிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரே சாமான், ஒரே ஒரு எழுத்துதான் மாறுது. அந்தப் போட்டியில ரெண்டுக்கும் மதிப்பெண் கொடுத்திருக்கணும்.

ஆரணிக்காரன்:
டீச்சர் மேல தப்பு சொல்ல முடியாது. போட்டின்னா எல்லா ஊருக்கும் பொதுவான பொருள்தான். ஊர் ஊருக்கு ஒரு அர்த்தம்னா யாரு திருத்தறது?

சத்துவாச்சாரி தமிழாசிரியை:
ஆரணித் தம்பி, பொதுப் பொருள்னு ஒண்ணே ஒண்ணை எப்படி நிறுத்துவீங்க? கவலைன்னா பிரிஞ்சு போற வழி. சங்கப் பாட்டுல இருக்கு. காட்டுல தோண்டி எடுக்கிற கவலைக் கிழங்கும் இருக்கு. வருத்தம்கிறது அதுல ஒண்ணு. புள்ள பொருள் சொன்னா, "அதை எங்க கேட்ட?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் சிவப்புல அடிக்கணும். நான் நடுவரா உக்காந்தா அப்படித்தான் செய்யறேன்.

ஏலகிரி எக்ஸ்பிரஸ் பயணி:
என் கதை வேற. காட்பாடியில ஏறி உக்காந்ததும் எங்க நைனா என் போனை வாங்கி ஒரு சொல் விளையாட்டுல இறங்கினார். பத்திரிகையில வர்ற எழுத்துப் புதிரை ஒரு வாரம் விடாதவர். கொஞ்ச நேரம் கழிச்சு திரையை என் பக்கம் திருப்பி, "இது இன்னா எழுத்து?"ன்னார். புள்ளி புள்ளியா ஒரு வட்டம், அதுக்கு ரெண்டு பக்கமும் கொம்பும் காலும். கீழ தனியா ஒரு க. கொலுசைக் கலைச்சிருக்காங்க! கம்ப்யூட்டர்ல கொ-ங்கிறது க ஒரு குறி, கொம்பு-கால் ஒரு குறி. அந்தக் குறிங்களைக் குலுக்கினா தமிழ் எழுத்து உடைஞ்சு போவுது. அதே விளையாட்டு கவலைக்குக் கலவையையும் சரின்னு ஏத்துக்கிச்சு. வ-வும் லை-யும் எங்க, ல-வும் வை-யும் எங்க? நைனா போனைத் திருப்பிக் கொடுத்துட்டார், அப்புறம் தொடல. எழுத்தா எண்ணாம குறியா எண்ணற எதையும் தமிழ்ப் புதிர்னு சொல்லக் கூடாது.

ராணிப்பேட்டை பெரியவர்:
சி.எம்.சி. ஆஸ்பத்திரியில வீட்டம்மாவுக்கு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருந்தப்ப பக்கத்துப் பையன் ஒரு புதிர்ல மாட்டிக்கினு இருந்தான். த், ரு, ப, தூ, ப், தி, ர். திருப்பத்தூர்னு சொன்னேன், கண்ணு விரிஞ்சான். அவ்வளவுதான். ஆனா வழி எல்லாருக்கும் தெரியணும், சொல்லிடறேன். முதல்ல புள்ளி வச்ச எழுத்தைப் பிடிங்க. புள்ளி எழுத்து சொல்லுக்கு முதல்ல வராது. க், ச், த், ப் தன் வரிசையோடதான் நிக்கும். அதனால ப்-க்குப் பக்கத்துல ப, த்-க்குப் பக்கத்துல தூ. ஏழு எழுத்து அஞ்சு துண்டாச்சு. மீதி ர் கடைசிக்குப் போவும். ரு முதல்ல வராது, தி வரும். முடிஞ்சுது. அதே மாதிரி ங் பார்த்தா க தேடுங்க, ஞ் பார்த்தா ச, ந் பார்த்தா த. ண்-க்குப் பெரும்பாலும் ட, ம்-க்கு ப, ன்-க்கு ற. ட், ற் ரெண்டும் கொஞ்சம் தாராளம். தன் வரிசையோடவும் வரும், க, ச, ப-வோடவும் வரும். ஆற்காடு பாருங்க, ற்-க்கு அடுத்து கா. க், ச், ட், த், ப், ற் எதுவும் கடைசியில நிக்காது. பசங்களுக்கு இதை எட்டாவதுக்குள்ள பழக்கிடுங்க. எழுத்தைச் சீட்டுல எழுதி வெட்டிக் கொடுங்க, தாள்ல அடிச்சு அடிச்சு எழுத விடாதீங்க. வல்லின மெய்க்குச் சிவப்பு மை வைங்க.

வாலாஜா அத்தை:
பெரியவரே, உங்க கணக்குல பக்தி, சக்தி எங்க வரும்? க்-க்கு அடுத்து தி நிக்குதே. வடசொல் கலந்தா அந்த வழி பாதியில நின்னுடும். என் அண்ணன் பையனுக்கு நடந்ததும் அதுதான். த, ர, ம், ச நாலே எழுத்து. தரம், சரம் எழுதினான், ஏத்துக்கிட்டாங்க. அதையே திருப்பி ரதம், ரசம்னு எழுதினான். "ர சொல்லுக்கு முதல்ல வராது, இரதம்னு எழுதணும், இங்க இ இல்ல"ன்னு ரெண்டையும் தள்ளிட்டாங்க. விதி தெரியாம சொல்லல, விதி சரிதான். ஆனா அன்னிக்கு மத்தியானம் அதே மண்டபத்துல சாப்பாடு. சமையல்காரர் எழுதி மாட்டின பலகையில கொட்டை எழுத்துல ரசம்னு இருக்கு. பையன் அதைக் காட்டி நடுவரையே கேட்டான். அவர் பதில் சொல்லாம இலையில உக்காந்துட்டார். ரதம், ரசத்துக்கு மதிப்பெண் உண்டா, இல்லையா? சத்துவாச்சாரி டீச்சர், நீங்களே சொல்லுங்க.