கல்யாணத்துக்குத் தவில்: ஒன்று போதுமா, மைக் வேண்டுமா?

குடந்தைத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம், கும்பகோணம் பக்கத்திலேயே மண்டபம் பிடித்தாகிவிட்டது. சமையல், பந்தல், பத்திரிகை எல்லாம் முடிந்தது, மேளத்தில்தான் வீட்டில் பேச்சு முடியவே மாட்டேன் என்கிறது. இரண்டு நாயனம் (நாதஸ்வரம்), இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று முழு செட்டாக இருந்தால்தான் கல்யாணம் என்கிறார் பெரியப்பா. மாப்பிள்ளை வீட்டில் வரவேற்புக்குச் செண்டை மேளம் கேட்கிறார்கள். மண்டப மேனேஜர், இது ஏசி ஹால், தவில் சத்தம் தாங்காது, ஒரு நாயனம் ஒரு தவில் போதும், மைக் நாங்களே வைத்துவிடுகிறோம் என்கிறார். சத்தம் அதிகம் என்றால் மைக் எதற்கு என்று கேட்டேன், எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தவில் என்றால் உயிர். சாமி புறப்பாட்டில் தவில்காரருக்குப் பக்கத்திலேயே நடந்து போகிற ஆள் நான். ஆனால் சங்கீதம் படித்ததில்லை, அதனால் யாரிடமும் வாதம் பண்ண முடியவில்லை. இரண்டு தவில் அவசியமா? மைக் வேண்டுமா? புக் பண்ணும்போது என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலந்தலை:

தம்பி, இரண்டு தவிலே வையுங்கள், பெரியப்பா சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டில் மாமா தவில்காரர், நானும் கொஞ்ச காலம் கற்றுக்கொண்டேன், அந்த உரிமையில் சொல்கிறேன். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் விடியற்காலையிலிருந்து பந்தி முடிகிற வரைக்கும் ஒரே ஆள் கழியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது, தோள் விட்டுப் போய்விடும். அது ஒரு பக்கம். தவிலின் அழகே இரண்டு பேர் வாசிக்கும்போதுதான் வெளியே வரும். ஒருவர் வாசித்ததை இன்னொருவர் வாங்கி அதே அளவுக்குப் பதில் சொல்வார், அப்புறம் பாதி, அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் இருவரும் சேர்ந்து தீர்மானம், அதாவது முடிப்பு, வைப்பார்கள். தாளம் தெரியாதவர்கூட அந்த இடத்தில் தலையை ஆட்டிவிடுவார்.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். தவில் பலாமரத்தை ஒரே கட்டையாகக் குடைந்து செய்வது. வலது பக்கம் பெரிய முகம், எருமைத் தோலை இறுக்கி இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதுதான் வலந்தலை. இடது பக்கம் சின்ன முகம், ஆட்டுத் தோல், கொஞ்சம் தளர்த்தியாக இருக்கும், உள்பக்கம் ஆமணக்கு விதையில் செய்த பசை தடவியிருக்கும், அது தொப்பி. தொப்பியில் பூவரசங்கழி, வலந்தலையில் கை. கை என்றால் வெறும் கை இல்லை, விரல்களில் கூடு மாட்டியிருப்பார்கள். துணிக் கீற்றைப் பசையில் தோய்த்து விரலுக்கு விரல் அளவு பார்த்துச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி இறுகிவிடும், ஒருவர் கூடு இன்னொருவருக்குச் சேராது. இப்படி இறுக்கிக் கட்டின தோலில் இப்படிப்பட்ட விரல் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாமி கீழவீதியில் கிளம்பினால் மேலவீதியில் இருப்பவர் தெரிந்துகொண்டு கோலம் போடவேண்டும், அதற்காகவே உண்டான வாத்தியம் இது. இதன் முன்னால் மைக்கைக் கொண்டுபோய் வைத்து, எக்கோ வேறு போட்டு, நாலு மூலையிலும் பாக்ஸ் வைத்தால் காது வலிக்கத்தான் செய்யும். அந்தப் பழி தவில் மேல் விழுகிறது. எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

தவிலுக்கு மைக் வேண்டவே வேண்டாம். ஹால் பெரிசாக இருந்தால் நாயனத்துக்கு மட்டும் ஒன்று, அதுவும் தள்ளி. மேடைக்குப் பக்கவாட்டில் சபையைப் பார்த்து உட்கார வையுங்கள். சுவரைப் பார்த்தோ, கண்ணாடிக் கதவுக்கு எதிரிலோ வைத்தால் சத்தம் திரும்பி அடிக்கும்.

சுமதி_சேலம்:

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, மன்னிக்கவும். எங்கள் அக்கா மகன் கல்யாணத்தில் கைக்குழந்தை ஒன்று காலை முழுக்க அழுதது. எங்கள் அப்பாவுக்குக் காதில் மிஷின், அவர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். கல்யாணம் என்றால் எப்போதோ பார்க்கிற சொந்தக்காரர்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்கிற இடமும்தானே. மிருதங்கக் கச்சேரி எவ்வளவு நேரமானாலும் கேட்கலாம், காதுக்கு இதமாக இருக்கும். தவில் ஏன் அப்படி இல்லை? மூடின ஹாலுக்கு அது பொருந்துமா என்று யோசித்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

இயற்பியல் வாத்தியார்:

சுமதி அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாக வட்டமாக ஒன்று இருக்குமே, கரணை, சோறு என்றும் சொல்வார்கள், எல்லாம் அதன் வேலைதான். கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். வெறும் தோலைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு எழும் மற்ற அதிர்வுகள் அதற்கு ஒழுங்கான மடங்காக இருக்காது, அதனால் இன்ன சுரம் என்று காது பிடிக்க முடியாது. கரணையின் எடை அந்த அதிர்வுகளை இழுத்து 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறது, கம்பி வாத்தியம் மாதிரி. சி.வி. ராமன் 1920-லேயே இதை 'நேச்சர்' இதழில் எழுதினார், 1934-ல் விரிவாக இன்னொரு கட்டுரையும் எழுதினார். நோபல் பரிசு வாங்கித் தந்த ஆராய்ச்சிக்கு முன்னாலேயே அவர் மனம் மிருதங்கத்திலும் தபேலாவிலும் இருந்திருக்கிறது. மிருதங்கம் கட்டினவர்கள் எந்தக் கணக்கும் போடாமல் காதை வைத்தே அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள், எனக்கு இன்றைக்கும் அதுதான் பிரமிப்பு.

தவில் வலந்தலையில் கரணை கிடையாது. அதனால் ஒவ்வொரு அடியும் வெடித்துக் கிளம்பி உடனே அடங்கும், சுரமாக நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வெடிப்பு மட்டும்தான் கேட்கும், தள்ளி உட்கார்ந்தால் தொப்பியின் கனமும் சேர்ந்து கேட்கும். காது மிஷின் போட்ட பெரியவர்களைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள், அவர்களுக்கும் நல்லது.

இணுவில் மருமகள்:

யாழ்ப்பாணத்தில் இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வரம், தவிலுக்குப் பேர் போன ஊர்கள். எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் மேளக் கச்சேரி கேட்கவே சனம் வரும், ஒரே மேடையில் நாலைந்து தவில் இருக்கும், மணலில் பாய் விரித்து விடிய விடிய இருப்பார்கள், ஒருவரும் சத்தம் என்று முறையிட்டு நான் கேட்டதில்லை. தவில்மேதை தட்சிணாமூர்த்தி எங்கள் மண் ஆள். 1975-ல் காலமானார், நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தமிழ்நாட்டு வித்துவான்களோடு சரிசமமாக உட்கார்ந்து வாசித்தவர். அவருடைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, பழைய பதிவு, இரைச்சல் இருக்கும், ஆனாலும் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒவ்வொரு சொல்லும், அதாவது ஒவ்வொரு அடியும், தனித்தனியாக விழுவதைக் கேட்கலாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றை அனுப்பிப் பாருங்கள் தம்பி. செண்டையைக் குறை சொல்லவில்லை, அது கேரளத்தில் கோயில் முற்றத்தில் வரிசையாக நின்று வாசிக்கும்போது எவ்வளவு கம்பீரம். ஆனால் ராகத்தோடு சேர்ந்து போகிற வாத்தியம் தவில்தான். நாயனக்காரர் கீர்த்தனை வாசிக்கும்போது நல்ல தவில்காரர் எப்படி அடக்கி வாசிக்கிறார் என்று கவனியுங்கள்.

வலந்தலை:

அடக்கி வாசிப்பது பற்றி இந்த அம்மா சொன்னது முக்கியம். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினுக்கு வலையப்பட்டி சுப்பிரமணியம் தவில் வாசித்து எத்தனை கச்சேரி நடந்தது! வயலினையே மூழ்கடிக்காமல் வாசிக்க முடிகிற வாத்தியத்தால் கல்யாண ஹாலிலும் முடியும். சுமதி அம்மா சொன்னதையும் தள்ள முடியாது. அதனால் ஓங்கி வாசிக்கிற நேரம் எது, மெதுவாகப் போகிற நேரம் எது என்று முன்கூட்டியே அவர்களிடம் பேசிவிடுங்கள், நல்ல செட்டாக இருந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை அழைப்பு வாசலில் நடக்கும், அங்கே விட்டு வாசிக்கட்டும், மல்லாரி கேளுங்கள். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற உருப்படி அது, கம்பீர நாட்டை ராகத்தில் இருக்கும், சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது, நீங்கள் நடந்துபோய்க் கேட்டதும் அதுவாகத்தான் இருக்கும். சடங்கு நடக்கும்போது கீர்த்தனை, மெதுவாக. தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம், அதில் மட்டும் யாரும் குறைக்கச் சொல்லக்கூடாது. ஐயர் கையைக் காட்டுவார், நாலு பேர் கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று கத்துவார்கள், தவில்காரர் கண் முழுக்க ஐயர் விரலில்தான் இருக்கும். போட்டோக்காரர்கள் குறுக்கே நின்று மறைத்துவிடுகிறார்கள், அந்த இடத்தை மட்டும் காலியாக வைக்கச் சொல்லுங்கள்.

பந்தி நேரத்தில் வாசிப்பு வேண்டாம், அவர்களையும் சாப்பிட அனுப்புங்கள். முதல் பந்தியில் உட்கார வையுங்கள், தாம்பூலத்தோடு பணத்தைப் பெரியவர் ஒருவர் கையால் கொடுங்கள். கடைசியில் காண்டிராக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது, அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

குடந்தைத் தம்பி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு தவில் என்று முடிவு பண்ணிவிட்டேன், மைக் நாயனத்துக்கு மட்டும். மாப்பிள்ளைக்கு இரவே ஒலிப்பதிவு அனுப்பினேன், முழுசும் கேட்டுவிட்டு வரவேற்பிலும் அரை மணி நேரம் தவில் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வைக்கலாமா என்று அவரே கேட்கிறார், செண்டை அதற்கு அப்புறமாம். இணுவில் அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இன்னும் ஒன்றே ஒன்று: பக்கத்துக் கிராமத்தில் அரசு இசைப்பள்ளியில் படித்த இளைஞர்கள் செட் ஒன்று இருக்கிறது. பேர் வாங்கின செட்டை விட்டுவிட்டு அவர்களைப் பிடிக்கலாமா?

வலந்தலை:

தாராளமாகப் பிடிக்கலாம். மாவட்ட இசைப்பள்ளிகளில் தவில் தனிப் பாடமாகவே இருக்கிறது, நன்றாக வாசிக்கிற பையன்கள் வருகிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் ஏதாவது கோயிலில் அவர்கள் வாசிப்பு இருந்தால் ஒரு தடவை போய்க் கேளுங்கள். வேகத்தைப் பார்க்காதீர்கள், நாயனத்தோடு எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். தை மாதத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து மறுநாள் பந்தி வரைக்கும் இதே ஆட்கள்தான் இருப்பார்கள் என்று பேசி முடித்துவிட்டு அப்புறம் தாம்பூலம் மாற்றுங்கள்.