வி.கே.புரத்தில் மூணு வண்டியும் முட்டிக்கிட்டு நிக்குது, வழி சொல்லுங்க

மச்சுவீட்டு ரயில்:
வணக்கம் அண்ணாச்சிமாரே. நம்ம நெல்லைப் பாபநாசத்துக்கு ரயில் வந்ததே கிடையாது. எங்க வீட்டு மச்சுல மட்டும் மாடல் ரயிலா வந்திருக்கு. அம்பையில (அம்பாசமுத்திரம்) இருந்து வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்) பஞ்சாலை வழியா ஒற்றைப் பாதை. காலம் 1965, அளவு 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. (ஒரு மீட்டர் அகல மீட்டர்கேஜ் பாதைக்கு இந்த அளவுல 12தான் சரி, தெரியும். கிடைக்கிற இன்ஜினை வச்சு ஓட்டுறேன், அதுக்குச் சண்டை வேண்டாம்.)

தனியா ஓட்டினா ஒரு தொல்லையும் இல்ல. ஞாயித்துக்கிழமை சேக்காளிங்க நாலு பேர் வந்து டைம்டேபிள் போட்டு ஓட்டினாத்தான் வம்பு. டைம்டேபிளுக்குன்னு வச்ச கடிகாரம் ஆறு மடங்கு வேகம். கூட்ஸ் வி.கே.புரத்துல பஞ்சாலை சைடிங்குக்கு (ஆலைக்குப் பிரியுற கிளைப் பாதை) வேகன் தள்ளிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு பக்கமும் பாசஞ்சர் வந்து நிக்கும். வண்டி ஒதுங்கி நிக்கிற பக்கத்து லைன், அதான் லூப், 180 செ.மீ. இன்ஜின், பத்து வேகன், கடைசில கார்டு பெட்டியான பிரேக் வேன் எல்லாம் சேர்த்து 162. இடம் இருக்கு, ஆனா கடைசி வேன் இடிக்குது. போன வாரம் ஒரு பாசஞ்சரைக் கையாலயே தூக்கி வச்சோம். மச்சான் இன்னும் சிரிக்கான்.

பொருநை87:
180 எங்க இருந்து எங்க அளந்தீங்க?

மச்சுவீட்டு ரயில்:
பாயிண்ட் (பாதை பிரியுற இடம்) முனையில இருந்து அடுத்த பாயிண்ட் முனை வரை.

பொருநை87:
அங்கதான் கோட்டை விட்டீங்க. உள்ளதிலேயே நீளமான பெட்டி ரெண்டை எடுத்து, மெயின்ல ஒண்ணு, லூப்ல ஒண்ணு வச்சு, பாயிண்டைப் பாக்க மெதுவாத் தள்ளுங்க. உரசுற இடத்துக்கு ஒரு விரக்கடை உள்ள தள்ளி வெள்ளை பெயிண்ட் ஒரு சொட்டு. அதுதான் ஃபவுலிங் மார்க், அதைத் தாண்டி நின்னா பக்கத்து லைன் வண்டி இடிக்கும். ரெண்டு வெள்ளைக்கும் நடுவுல உள்ளதுதான் உங்க லூப்.

மச்சுவீட்டு ரயில்:
அளந்துட்டேன். 144. ரெண்டு வேகனைக் கழட்டியாச்சு, இப்ப 136.

பழைய கேபின்:
தம்பி, நீளம் கிடக்கட்டும். உள்ளதே ரெண்டு லைன். மூணாவது வண்டிக்கு லைன் கிளியர் (வண்டி வர அனுமதி) கொடுத்தது யாரு? எங்க காலத்துல நீல்ஸ் பால் டோக்கன். ரெண்டு ஸ்டேஷனும் ஒத்துக்கிட்டாத்தான் மெஷின்ல இருந்து இரும்புக் குண்டு வெளிய வரும். அது கைக்கு வராம டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். நீங்க கோலிக்குண்டு ரெண்டு வாங்குங்க. அம்பை பக்கத்துக்குப் பச்சை, பாபநாசம் பக்கத்துக்குச் சிவப்பு. ஒருத்தரை வி.கே.புரம் ஸ்டேஷன் மாஸ்டரா உக்கார வச்சு ரெண்டையும் அவர்ட்ட கொடுங்க. வண்டி ஓட்டுற கன்ட்ரோலரைக் கொடுத்துராதீங்க, கை சும்மா இருக்காது. கூட்ஸ் லூப்ல நின்னா மிச்சம் மெயின் ஒண்ணுதான். ஒரு பாசஞ்சரை எடுத்துட்டு மத்ததை அங்கனயே நிறுத்துங்க. லேட்டானா ஆகட்டும், நாங்க பாக்காத லேட்டா.

பொருநை87:
கடிகாரத்தையும் கழட்டி வைங்க. வேகன் போட 7 நிமிஷம் ஆச்சுன்னா டைம்டேபிள்ல 42 நிமிஷம் போச்சு. முள்ளு ஓடுற வேகத்துக்கு நம்ம கை ஓடாது. இது போனபிறகு அது, அந்த வரிசை இப்போதைக்குப் போதும். பழகினபிறகு மூணு மடங்கு வைங்க.

மச்சுவீட்டு ரயில்:
நேத்து ஓட்டியாச்சு. யாரும் எதையும் தூக்கல. சிவப்புக் குண்டு மட்டும் கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு, தேடி எடுக்கும்வரை பாபநாசம் பாசஞ்சர் நின்னுச்சு.

பழைய கேபின்:
தேடவே வேண்டாம் தம்பி. குண்டு தொலைஞ்சா அந்த அனுமதியைத் தாள்ல, பேப்பர் லைன் கிளியரா எழுதிக் கொடுத்து வண்டியை விடணும். ஒரு சின்ன நோட்டு வாங்கி வைங்க.