புதுப்பிப்பு: ஹைபிரிட் பேட்டரி, கோளாறு ஒன்பதாவது ஜோடியில்

என் பழைய ஹைபிரிட் கார் ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது எச்சரிக்கை விளக்கு எரிகிறது, மொத்த ஹைபிரிட் பேட்டரியையும் மாற்ற வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் முதலில் சிறிய 12 வோல்ட் பேட்டரியைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், அது நன்றாகவே இருக்கிறது.

ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி0ஏ80 (P0A80). ஹைபிரிட் பேட்டரி பலவீனம் என்று மட்டும்தான் அது சொல்லும், எந்த இடம் என்று சொல்லாது. அதனால் தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு, அலங்காநல்லூர் ரோட்டில் பேட்டரிக்குள் இரண்டிரண்டாக இருக்கும் மாட்யூல்களில் (சிறு பேட்டரிகள்) ஒவ்வொரு ஜோடியின் வோல்ட்டேஜையும் கவனித்தேன். நிற்கும்போது 14 ஜோடியும் நல்ல பிள்ளைகள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மற்றவை 15 வோல்ட்டுக்கு மேல் நிற்க, ஒன்பதாவது மட்டும் 12-க்குச் சரிந்தது. பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஆகும், அப்போது அதுவே முதலில் எகிறியது.

திறந்தது மெக்கானிக் அண்ணன். பேட்டரியின் மின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறையோடுதான் தொட்டார். பிளக்கை எடுத்தாலும் உள்ளே ஆளை அடிக்கும் வோல்ட்டேஜ் உண்டு, நீங்களே முயல வேண்டாம். 28 மாட்யூலில் ஒன்று உப்பியிருந்தது. குளிர்விக்கும் விசிறியில் எங்கள் வீட்டு நாயின் முடி, மெத்தை மாதிரி! மதுரை வெயிலில் பேட்டரி எப்படி மூச்சு விடும்?

சரி, இப்போதைக்குப் பழைய மாட்யூல் ஒன்று போட்டாயிற்று. மற்ற 27-க்கும் அதே வயசுதான், தெரியும். ஞாயிற்றுக்கிழமை கணவாய் ஏறிப் பார்க்கிறேன்.